கம்பளிக்காரரும் என் சினிமாக் கண்ணும்

போன வாரத்துச் சனிக்கிழமை ஹட்டனில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்தேன். பாங்க் கொள்ளை. ஐந்து பேர், ஐந்து துப்பாக்கி. முதல் ரீலிலேயே காவல்காரன் சுருண்டு விழுகிறான் – பாவம், அவனுக்குப் படத்தில் பெயர்கூட இல்லை.

இந்த மாதிரிப் படங்களுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கொள்ளைக்காரன் கோட்டுக்குள் கையை விட்டபடி வாசலில் நிற்பான். கடிகாரத்தைப் பார்ப்பான். உள்ளே வருவான், வெளியே போவான். அப்புறம்தான் வெடி. கடைசியில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாவார்கள். அதுவரை தியேட்டர் முழுக்க அவர்கள் பக்கம்தான். நானும் விசிலடித்தேன்... ஒளிப்பானேன்?

வெட்கப்பட வேண்டியது செவ்வாய்க்கிழமை நடந்தது.

ஒரு வேலையாகப் பாங்குக்குப் போயிருந்தேன். வெளியே மழை. வாசலோரமாக ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். கறுப்புக் கம்பளி போர்த்தி, ஒரு கையை அதற்குள் வைத்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே போனார், திரும்பி வந்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

எழுந்து போய், ஆள் சரியில்லை என்று காவலுக்கு நின்ற வாட்சரின் காதில் சொன்னேன்.

வாட்சர் சும்மா இருப்பாரா? தடியோடு போய்க் கம்பளியைப் பிடித்து இழுத்தார். ஒரு துணிப்பொட்டலம் விழுந்து அவிழ்ந்தது. ஈரத் தரையெங்கும் காகிதங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்துக் கிளார்க் எழுதிய கடிதம், நிரப்பாத பிரஜாவுரிமை விண்ணப்பம்.

பாங்கே வேடிக்கை பார்த்தது. அவர் மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வேட்டியில் ஒற்றினார். கிளார்க்கின் மை கரைந்து வழிந்துவிட்டது.

நானும் குனிந்து பொறுக்கினேன். பெயர் ராமையா, நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்றார். விண்ணப்பத்தை இங்கிலீஷில் நிரப்ப ஆள் தேடி வந்திருக்கிறார். பாங்குக்கு வருகிறவர்கள் படித்தவர்கள் என்று யாரோ சொன்னார்களாம். ஒரு மணி நேரமாக நிற்கிறார். பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்றுதான் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

என்னை ஏன் பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

“உங்க சட்டைப் பையில பேனா இருந்துச்சுங்க. கேக்கலாமான்னு ரெண்டு தரம் கிட்ட வந்தேன்... பயமா இருந்துச்சு.”

என்னைப் பார்த்து அவருக்குப் பயம்!

வாட்சரிடம் சொன்னது நான்தான் என்றேன். எப்படியோ வாயில் வந்துவிட்டது. விண்ணப்பத்தைக் கொடுங்கள், நானே நிரப்பித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் பொட்டலத்தை இறுக்கிக் கட்டினார்.

“வேணாங்க ஐயா. வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கும் காசிம் நானா அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, காகிதங்களை மேசைமேல் காயப் போட்டுவிட்டு விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தார். நான் தெருவைத் தாண்டவில்லை. எந்த முகத்தோடு தாண்டுவது?

கரைந்துபோன கடிதத்தை மறுபடி எழுதித்தரக் கிளார்க் இரண்டு நாள் அலைக்கழித்தாராம். நேற்று காசிம் நானா சொன்னார். எப்படியோ, விண்ணப்பம் தபாலில் போய்விட்டது.

இந்த நாட்டுக்காரன்தான் என்று நிரூபிக்கக் காகிதம் சுமந்து வந்த மனிதர், திருடனில்லை என்றும் நிரூபிக்க வேண்டியதாயிற்று – என்னால்.