மீன்கொத்திக் குடிலின் கதவு

சும்மா உட்காருவதென்றால் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேப்பங்காய். எங்கே போனாலும் பாதியில் போன் வரும். எவனாவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுவான். மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். பள்ளி விழாவில் மகள் மேடையேறிய அன்றும் அப்படித்தான். அதோடு அவரை எங்கேயும் கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் கிடக்கும் சதுப்பு நிலச் சரணாலயத்துக்கு. பள்ளியோடு போனபோது, அங்கே ஒரு மீன்கொத்தி தலைகுப்புறப் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நீங்களும் என்கூட உக்காந்து பாக்கணும்ப்பா. பாதியில ஓடக் கூடாது."

"சத்தியமா ஓட மாட்டேன்டா கண்ணு." அவள் கண்ணெதிரே போனை அணைத்தார்.

பறவை பார்க்கிற மரக்குடிலில் ஒரு பெஞ்சு, கண் மட்டத்தில் நீளமான திறப்பு. எதிரே தண்ணீரில் ஒரு மொட்டைக் கம்பு. அதில்தான் வந்து உட்காருமாம். வந்தபாடில்லை. ஒரு கொக்கு சேற்றில் அசையாமல் நின்றது. அதைப் பார்க்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. கால் தானாக ஆடியது. பெஞ்சும் சேர்ந்து ஆடியது.

"அப்பா, கால்!"

காலை நிறுத்தினால் விரல் தாளம் போட்டது. போதாக்குறைக்கு, யார் வந்தாலும் போனாலும் பின்கதவு 'கிறீச்' என்று கத்தியது. ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பல் கூசியது. கீலில் எண்ணெய் இல்லை, அவ்வளவுதானே? நிமிஷ வேலை! சட்டைப் பையில் எண்ணெய்க் குப்பி வேறு இருக்கிறது. லீவு நாளென்று அதை வீட்டில் விட்டு வருகிற ஆளா அவர்?

"இதோ வந்துட்டேன்," என்று எழுந்தார்.

கீலைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கதவை முன்னும் பின்னும் ஆட்டினார். மூச்சு விடவில்லை கதவு. அப்பாடா என்று நிமிர்ந்த நேரம் பார்த்து, வெளியே தண்ணீர் 'தொப்'பென்று தெறித்தது.

ஓடிவந்தார். கம்பு காலியாக இருந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு. பெரிய மீனு. தூக்கிட்டுப் போயிடுச்சு."

"நீ பாத்தேல்ல, அது போதும்."

"நான்தான் போன தடவையே பாத்துட்டேனே! இன்னைக்கு உங்களுக்காகத்தானே வந்தோம்." அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்குப் போன்கூட வரலியேப்பா."

இத்தனை வருஷமும் பழியையெல்லாம் அந்தப் போன் மேல்தானே போட்டிருந்தார்! இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால்கூட ஆடவில்லை. வெளிச்சம் மங்கும்வரை மீன்கொத்தி திரும்பவில்லை.

யாரோ தோளைத் தொட, திடுக்கிட்டார். பின்னால் காவலாளி நின்றிருந்தார்.

"மூடுற நேரம் சார். அட, கதவு கத்தவே இல்லையே! எந்தப் புண்ணியவான் எண்ணெய் விட்டது?"

"எங்கப்பாதான்," என்றாள் மகள், கம்பைப் பார்த்தபடியே.