கருநீலம் தெரிகிற வெளிச்சம்

ஆர்டிஸ் குவாமி வியாழக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமைகூட எப்போதாவது தவறிப்போகும். பனி கொட்டினால், முட்டி வலித்தால், ஆண்டவர் புரிந்துகொள்வார் என்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். வியாழன் அப்படியில்லை. அன்று காலை சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடிப் போர்வை தைப்பார்கள். வெட்டிய துணித்துண்டுகளை நட்சத்திரமாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தைக்கிற கனத்த போர்வை. பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு மே மாதம் சர்ச்சிலிருந்து ஆளுக்கொன்று கொடுப்பது வழக்கம். பள்ளியின் நிறம் கருநீலமும் வெள்ளையும். அதனால் மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் குளிர்காலம் முழுக்க அவர்கள் கையில் கருநீலம்தான் புரளும்.

எதிரே உட்கார்ந்து ஒருவர் பேச, ஆர்டிஸ் கேட்பது வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் ரேடியோவில் மக்காச்சோள விலை சொல்கிறவனின் குரல். மகள் கரின் அரிசோனாவிலிருந்து ஞாயிறு மதியம் கூப்பிடுவாள். அங்கே வெயில், இங்கே பனி என்று இருவரும் சொல்லி முடித்தால் பேச்சும் முடிந்துவிடும். கணவன் ஹார்லன் இறந்த பிறகு பால்மாடுகளை விற்றாகிவிட்டது. நிலம் பக்கத்துப் பண்ணைக்காரனிடம் குத்தகையில் இருக்கிறது. அவளுடையது என்று சொல்ல நெடுஞ்சாலையைப் பார்த்த தையல் அறையும், அந்த வியாழக்கிழமையும்தான்.

ஜனவரியில் ஒரு வியாழன், பனி அள்ளும் வண்டி சீக்கிரமே சாலையைத் திறந்துவிட்டதால் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். மேஜை மேல், அவரவர் வீட்டில் தைத்துப் போன வாரம் கொடுத்த நட்சத்திரங்கள் அடுக்கியிருந்தன. தன்னுடையதை எடுத்துச் சும்மா புரட்டிப் பார்த்தாள். ஆர்டிஸ் எந்தத் துணியானாலும் சாம்பல் நூலில்தான் தைப்பாள். ஆனால் அந்த நட்சத்திரத்தின் இரண்டு முனைகளில் வெள்ளை நூல் ஓடியிருந்தது. அதை ஒட்டியே பழைய ஊசித் துளைகள், எறும்பு போன தடம் மாதிரி. அடுத்ததை எடுத்தாள். அதிலும் வெள்ளை நூல். அதற்கடுத்ததிலும்.

மேஜைக்கடியில் கழிவுத் துணிக் கூடை இருந்தது. குனிந்து கையை விட்டுத் துழாவினாள். சாம்பல் நூல் பிசிறு தொங்கிக்கொண்டிருந்த முக்கோணங்கள் கைக்கு வந்தன. கீழ்த்தளத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அவை கருநீலம் இல்லை. கறுப்பு.

அந்த ஊரில் தப்பை யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொல்வது மரியாதை இல்லை. நீ போன பிறகு உட்கார்ந்து பிரிப்பார்கள், திருத்தித் தைப்பார்கள், அடுத்த வாரம் "அழகா இருக்கு" என்பார்கள். ஆர்டிஸுக்கு இது புதிதல்ல. ஜெனீவ் ஓல்ஸ்டாடுக்குக் கண் மங்கியபோது அவள் தையலைப் பிரித்தவர்களில் ஆர்டிஸும் ஒருத்தி. பிறகு ஒரு வியாழக்கிழமை, கூட்டத்தை நடத்துகிற லவோன், ஜெனீவின் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "உன் கை பட்டாத்தான் காபி காபியா இருக்கு. நீ அந்தப் பக்கம் பாத்துக்கோயேன்." ஜெனீவ் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். காபி போடுவது சமையலறையில், தைப்பது கூடத்தில். நடுவில் ஒரு கதவு. இங்கே சிரிக்கிற சத்தம் அங்கே கேட்கும். எதற்குச் சிரித்தார்கள் என்பது கேட்காது. இரண்டு குளிர்காலம் போட்டுக் கொடுத்தாள் ஜெனீவ். பிறகு அவள் வருவது நின்றது.

ஆர்டிஸ் முக்கோணங்களைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வந்தார்கள். குளிரைப் பற்றிப் பேசினார்கள். லவோன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "போன மாசம் ஒரு நாள் ஆர்டிஸ் போட்டா பாரு, அதுதான் காபி" என்றாள்.

ஆர்டிஸ் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தையல் அறைக்குப் போனாள். பல்பைப் போட்டு, கறுப்பு முக்கோணத்தையும் கருநீலத் துண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்றுதான். மூக்குக்கு அருகே கொண்டுபோனாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒன்றேதான். ஆக, கண்தான் போய்விட்டது. ஜெனீவைப் போலச் சிரித்துக்கொண்டே எழுந்து போகத் தன்னால் முடியுமா என்று யோசித்தாள். முடியும் என்று தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் மதியம், தபால் எடுக்கப் போனபோது கோட்டுப் பையில், முந்தின நாள் திரும்பத் திணித்துவைத்த அந்தக் கறுப்பு, கருநீலத் துண்டுகள் தட்டுப்பட்டன. வெளியே எடுத்தாள். வயலெல்லாம் பனி. மேலிருந்து வந்த வெளிச்சம் கீழேயும் பட்டு எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாக இருந்தது. கருநீலம், இருட்டுவதற்குச் சற்று முன் வானத்தில் மிச்சமிருக்கும் நிறமாக இருந்தது. மாற்றி மாற்றிப் பிடித்தாள். கண்ணை மூடித் துண்டுகளைக் கலைத்துவிட்டுத் திறந்தாள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. தபால் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று சிரித்தாள். வாய்க்குள் குளிர் புகுந்தது. உள்ளே போய் மறுபடியும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்போதுதான் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள்.

அது ஹார்லன் மாட்டிய மஞ்சள் பல்பு. காலையும் மாலையும் தொழுவத்தின் வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே நின்று பால் கறந்தவன், வீட்டுக்குள்ளும் அதே வெளிச்சமா என்று கேட்டான். அவள் தைக்கும்போது மூலை நாற்காலியில் பேப்பரோடு உட்காருவான். கொஞ்ச நேரத்தில் பேப்பர் மடியிலும் முகவாய் நெஞ்சிலும் இருக்கும். அந்த மஞ்சள், தூங்குகிறவனை எழுப்பாத மஞ்சள். அப்போது அவளுக்கும் அது போதும். நிறத்தில் சந்தேகம் வந்தால், "இது கறுப்பா நீலமா?" என்று துணியை அவன் பக்கம் நீட்டுவாள். அவன் ஒரு கண்ணைத் திறந்து சொல்லிவிட்டு மூடிக்கொள்வான். சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அன்றைக்கே துண்டுகளை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கடைக்காரன் டுவேன், அவளிடம் ஞாயிறு வகுப்பில் படித்தவன்.

"என்ன ஆர்டிஸம்மா, துணியும் கையுமா வந்திருக்கீங்க? எனக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"உன் தொந்திக்கு இது காணாது. பல்பு காட்டு."

இருக்கிறதிலேயே பெரியதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான் டுவேன். அவள் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லி, அடியில் துணியைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளைத் துணியே நீலம் பாரித்தது, அவள் கையும் பிணத்தின் கை மாதிரி தெரிந்தது. இன்னொன்றில் மறுபடியும் மஞ்சள். பகல் வெளிச்சம் என்று பெட்டியில் போட்டிருந்ததை மாட்டியபோதுதான் வெள்ளை வெள்ளையாகவே இருக்க, கறுப்பும் கருநீலமும் விலகி நின்றன. அடுத்த ஆள் காத்திருந்ததால் டுவேன் நெளிந்தான். அந்த ஆள் தன் பாட்டுக்குத் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் வேறு தொல்லை. விளக்கு முதுகுக்குப் பின்னால் கூரையில் இருந்தது. துணிமேல் குனிந்தால் அவள் தலை நிழல் அங்கே விழுந்தது. நன்றாகத் தெரியட்டும் என்று கிட்டப் போகப் போக இருட்டு. மறுநாள் மறுபடியும் கடைக்குப் போய், மேஜை விளிம்பில் பிடித்துக்கொள்கிற, கை மடக்குகிற விளக்கு ஒன்று வாங்கிவந்தாள். அதற்கும் அதே பகல் பல்புதான். வலப்பக்கம் வைத்தாள், கையின் நிழல் சரியாக ஊசிமேல் விழுந்தது. இடப்பக்கம் மாற்றினாள், நிழல் விலகிப் போய் மேஜைக்கு வெளியே விழுந்தது. ஆனால் மிஷினின் பளபளப்பு கண்ணில் குத்தியது. விளக்கின் மூடியைக் கண்ணுக்குக் கீழே இறக்கித் துணியைப் பார்க்கத் திருப்பினாள். இப்போது ஒவ்வொரு தையலும் தெரிந்தது. நூலின் முறுக்குத் தெரிந்தது. விரல் நகத்தின் வெடிப்புத் தெரிந்தது.

அறையின் மூலை மட்டும் தெரியவில்லை. கூரை விளக்கை அணைத்துவிட்டுத்தான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி இருட்டில் இருந்தது. முன்பிருந்த வெளிச்சம் இரண்டு பேருக்கானது. தைக்கிறவளுக்குக் கொஞ்சம், தூங்குகிறவனுக்குக் கொஞ்சம். இது ஒருத்திக்கு மட்டும். அவள் உட்காரும் இடத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி இருந்தது.

அந்த வாரத்து நட்சத்திரங்களை விளக்கடியில் போட்டாள். அதிலும் கறுப்புகள் கலந்திருந்தன. தன் கையாலேயே பிரித்தாள். தப்பானதை எறிந்தாள், கருநீலம் வெட்டினாள், சாம்பல் நூலிலேயே திரும்பத் தைத்தாள். முனைகள் ஒன்றையொன்று கூர்மையாகத் தொட்டன. துணியை நீட்டிக் கேட்க ஆள் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருக்கவில்லையே என்றும் இருந்தது.

வியாழக்கிழமை எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்து, நட்சத்திரங்களை மேஜை நடுவில் வைத்தாள். லவோன் ஒன்றைத் திருப்பிப் பின்புறம் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் யாராவது அழகா இருக்கு என்பார்கள். அதற்கு முன் ஆர்டிஸ் பேசிவிட்டாள்.

"இத்தனை நாளா நான் கறுப்பையும் கருநீலத்தையும் கலந்து தச்சிருக்கேன். நீங்க உக்காந்து பிரிச்சிருக்கீங்க. கண்ணு இல்ல, பல்புதான் கோளாறு. மாத்திட்டேன். இனிமே தப்பு இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நானே பிரிச்சுக்கறேன்."

யாரும் நிமிரவில்லை. ஒருத்தி கத்தரிக்கோலைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது. லவோனின் கழுத்து சிவந்தது.

"நாங்க என்னத்தடி பெரிசா பிரிச்சோம்" என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து, அடுத்த போர்வைக்கான கருநீலத் துணிக்கட்டை எடுத்து ஆர்டிஸின் பக்கம் தள்ளினாள். அன்று காபி போட எழுந்து போனது லவோன். அது வாயில் வைக்கும்படி இல்லை. எல்லோரும் குடித்தார்கள்.

கிளம்பும்போது படிக்கட்டில் லவோன் பக்கத்தில் வந்தாள்.

"அந்தப் புது வெளிச்சம் ரோட்டுலேர்ந்தே தெரியுது. நேத்துகூடப் பாத்தேன். வண்டிய நிறுத்தலாம்னுதான் நெனச்சேன்."

"நிறுத்தியிருக்கலாமே."

"நீ வேலையா இருப்ப. எதுக்குத் தொந்தரவுன்னு போயிட்டேன்."

"வேலைதான். உக்காந்து பாத்தா ஆகாதா? நாளைக்கு வாயேன்."

"வரேன், வரேன். ஒரு நாள் வரேன்" என்றாள் லவோன். அந்த ஊரில் ஒரு நாள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் பொழுது சாயத் தொடங்கியதும் ஆர்டிஸ் தையல் அறைக்குப் போனாள். மூலை நாற்காலியை முதுகுப் பக்கம் பிடித்து இழுத்தாள். தரையில் கீறிக்கொண்டு வந்தது. மேஜையின் அந்தப் பக்கம், விளக்கின் வட்டம் முடிகிற இடத்தில் போட்டாள். மூடியை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பினாள். தன் பக்கம் வெளிச்சம் சற்றுக் குறைந்தது. கறுப்பையும் கருநீலத்தையும் வைத்துப் பார்த்தாள். இன்னும் தெரிந்தது. அவ்வளவு குறையலாம்.

ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள். நெடுஞ்சாலையில் ஒரு வண்டி வரும் சத்தம் கேட்டது. மிஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். வண்டி போன பிறகு திரும்ப வைத்தாள்.