அண்ணாவின் பங்கு அரிசி

கூட்டுறவுச் சங்கக்கடை அரிசிக்கு மண்ணெண்ணெய் மணம் இருந்தது. பீப்பாக்களும் மூட்டைகளும் ஒரே அறையில் அடுக்கப்பட்டிருந்ததால், மூன்று தண்ணீரில் கழுவி, உலையிலிட்டு, கஞ்சி வடித்த பின்னும் அந்த மணம் சோற்றை விட்டு அகலவில்லை. என் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டுதான் முதற் கவளத்தை விழுங்குவாள். திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் இருந்த எங்கள் கிராமத்துக்கு அப்போது வேறு அரிசி இல்லை. வயல்கள் "பாதுகாப்பு வலயம்" என்ற முட்கம்பிக்குள் போயிருந்தன. கடற்படை மிதக்கவிட்டிருந்த சிவப்புப் பீப்பாக்களுக்கு அப்பால் வலை போட அனுமதியில்லை. பட்டினத்திலிருந்து எவராவது அரை மூட்டை அரிசியோடு வந்தால், "சென்றி" என்ற காவலரணில் நின்ற சிப்பாய் நீண்ட இரும்புக் கம்பியால் அதைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு வீட்டுக்கு இவ்வளவு போதும் என்று மிகுதியை இறக்கி வைத்துக்கொள்வான். ஆகவே வியாழக்கிழமைதோறும் சங்கக்கடை வாசலில் நிவாரண அட்டையை நீட்டி, பெயருக்கு ஒரு பங்காக வாங்கிவந்த அரிசியே எங்கள் உணவு.

அந்த அட்டையைத் தவிர ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு தாளும் இருந்தது. இராணுவம் முத்திரை குத்திக் கொடுத்து, கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கச் சொன்ன "வீட்டு லிஸ்ட்" அது. அட்டையில் எத்தனை பெயர்களோ அத்தனை பங்கு அரிசி. லிஸ்ட்டில் எத்தனை பெயர்களோ அத்தனை பேரும் சோதனைக்கு வரும் சிப்பாயின் முன்னால் வந்து நிற்கவேண்டும். ஊரில் பலர் செய்த தவறைத்தான் அம்மாவும் செய்தார்: லிஸ்ட்டில் வெட்டுவித்த பெயரை அட்டையில் வெட்டுவிக்காமல் விட்டார்.

அது அண்ணாவின் பெயர். அப்பா, எனக்கு நினைவு தெரியும் முன்னரே காய்ச்சலில் இறந்துவிட்டிருந்தார். அம்மா, அண்ணா, நான், தங்கை என நான்கு பேர் நாங்கள். அண்ணாவுக்குப் பதினேழு வயது. "ரவுண்டப்" என்ற சுற்றிவளைப்பு நாட்களில் அந்த வயதுப் பையன்களே முதலில் லொறியில் ஏற்றப்பட்டார்கள் என்பதால், கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரி ஒருவரோடு, அண்ணன் என்ற பொருளில் நாங்கள் "காக்கா" என்று அழைத்தவரோடு, அம்மா அவரை அனுப்பிவைத்தார். காட்டுக்கு அப்பால், இராணுவம் இல்லாத பக்கத்தில், சின்னம்மா வயல் செய்துகொண்டிருந்தார். அங்கே அண்ணா வரம்பு கட்டினார், மாடு பார்த்தார். இயக்கத்தில் சேரவில்லை, துவக்கு எதையும் தொடவில்லை. லிஸ்ட் எழுத வந்தவர்களிடம், மகன் கொழும்பில் மாமாவோடு நிற்கிறான் என்று அம்மா சொன்னார். அட்டையை மட்டும் தொடவிடவில்லை. "அவன் வந்தா அவனுக்கும் சோறு வேணுமெல்லோ" என்பதே அவர் சொன்ன காரணம். தைப்பொங்கலுக்கு வந்துவிடுவதாக அண்ணா காக்காவிடம் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா நாட்களை எண்ணத் தொடங்கினார்.

சங்கக்கடை "மனேச்சர்" எங்கள் ஊரவர்தான். ஒரு வியாழக்கிழமை, வரிசை கலைந்த பிறகு, எங்கள் அட்டையைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"தம்பியக் கனநாளாக் காணேல்ல."

"கொழும்பில நிக்கிறான், ஐயா" என்றார் அம்மா.

"கொழும்பில நிக்கிறவனுக்கு இங்க என்னத்துக்கு அரிசி, தங்கச்சி? பயப்பிடாதேங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். நீங்களும் திறக்கவேண்டாம்."

அன்று முதல் அட்டையில் நான்கு பங்குக்கு முத்திரை விழுந்தது. பையில் மூன்று பங்கு விழுந்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் அம்மா அவருடைய வீட்டுக்குப் போய், அங்கே சேர்ந்திருந்த அரிசியைப் புடைத்துக் கொடுக்கவேண்டும் என்றானது. பட்டினத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகும் அரிசி சுத்தமாக இருக்கவேண்டுமாம். அவர்கள் சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில், தென்னோலைக்குக் கீழே மூட்டைகள் கிடந்தன. அம்மா புடைப்பார், நான் கல் பொறுக்குவேன். பொறுக்கிய கல்லை வெளியே எறியப்போன என்னை மனேச்சர் ஒருநாள் தடுத்து, ஒரு வெற்றுப் பால்மா டின்னை நீட்டினார். "அதை எறியாத பிள்ளை. அது திரும்பச் சங்கக்கடைக்குப் போகவேணும். நிறை குறையுமெல்லோ" என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மனைவியும் சிரித்தார். அம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை வாங்கிய அரிசியில், நான் பொறுக்கிக் கொடுத்த கற்களை நானே மறுபடியும் பொறுக்கினேன்.

மார்கழியில் ஒரு காலை ஊர் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். வழமைக்கு மாறாக, இம்முறை இரண்டு தாள்களையும் கொண்டுவரும்படி கட்டளை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவன் அவருடைய கேள்வியை எங்கள் மொழியில் கேட்டான். வீட்டில் மூன்று பேர் என்றால் நான்காவது ஆளின் அரிசி எங்கே போகிறது? அம்மா, சங்கக்கடைப் பதிவுகளோடு அழைத்துவரப்பட்டு மர நிழலில் நின்ற மனேச்சரைப் பார்த்து, "ஐயாட்டக் கேளுங்கோ. ஐயாவுக்குத் தெரியும்" என்றார்.

பதிவில் பிழை நேர்ந்துவிட்டது என்று மனேச்சர் சொல்லியிருக்கலாம். அவரைக் கடிந்துகொண்டு விட்டிருப்பார்கள். அவர் சொன்னது இது:

"நாலு பங்கும் அவதான் கொண்டுபோறவ. பிறகு அது காட்டுக்கு, இயக்கத்துக்குப் போகுதோ எங்க போகுதோ, எனக்கென்னெண்டு தெரியும்?"

அதிகாரி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்து, அண்ணாவின் முழுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். அம்மாவை லொறியில் ஏற்றினார்கள்.

எங்கள் இருவரையும் அடுத்த வீட்டு மலர் அக்கா தன் ஐந்து பிள்ளைகளோடு சேர்த்துப் படுக்கவைத்தார். வியாழக்கிழமை நான் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். "குடும்பத் தலைவி வராமல் தர ஏலாது" என்றார் மனேச்சர். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை, அம்மா எப்போது வருவா என்று அவரிடமே கேட்டாள். அவர் எங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்த ஆள்" என்றார். அன்று மலர் அக்கா தன் வீட்டுக் கஞ்சியில் இரண்டு செம்பு தண்ணீர் கூட ஊற்றினார்.

எனக்குப் பத்து வயது. இரண்டாம் மொழிப் பாடத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். மூன்று நாட்கள் எடுத்துக்கொண்டு, சிங்களத்தில் இரண்டு வாக்கியங்களை அமைத்தேன். பாடப் புத்தகத்தில் சொற்களைச் சரிபார்த்து, மனனம் செய்தேன். சங்கக்கடை மனேச்சரின் குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் தென்னோலைக்குக் கீழே அரிசி மூட்டைகள் இருக்கின்றன என்பது முதலாவது. அவை காட்டுக்குப் போகப்போகின்றன என்பது இரண்டாவது. இரண்டாவது பொய், பொய் என்று தெரிந்தே அதைச் சேர்த்தேன். அதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சென்றியில் நின்று இரண்டையும் சொன்னேன். சிப்பாய் மறுபடியும் சொல்லச் சொன்னான். ஒரு சொல்லும் மாறாமல் மறுபடியும் சொன்னேன். அவன் ஒரு பிஸ்கற் தந்தான். தங்கைக்கு வைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அங்கேயே நின்று தின்றுவிட்டேன்.

அன்று பிற்பகலே பதினொரு மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். மனேச்சருடைய கைகளை அவருடைய சட்டையாலேயே பின்னால் கட்டி ஏற்றினார்கள். வேலியோரம் நின்று, லொறி திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து அம்மா வந்தார். எங்கள் தலையை வாரிவிட முடியாதபடி அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மனேச்சர் மூன்று மாதம் கழித்து, ஒரு காது கேளாதவராக வந்தார். இடையில் அவருடைய மனைவி எங்கள் முற்றத்தில் பிள்ளைகளோடு வந்து நின்றபோது, அம்மா எங்கள் பங்கிலிருந்து இரண்டு சுண்டு அரிசியை அளந்து கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அந்தப் பிள்ளையள் என்ன செய்ததுகள்?" என்று அம்மா கேட்டார். நான் செய்ததை அவரிடம் சொல்லவில்லை.

மூட்டைகள் அகப்பட்டும் அதிகாரியின் கொப்பியில் இருந்த பெயர் அழியவில்லை. அந்தப் பெயரோடு சென்றியைக் கடக்கும் எவரும் வீடு வந்து சேரமாட்டார் என்று விடுதலையாகி வரும்போதே அம்மாவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் காக்கா வந்தார். அம்மா மீன் வாங்கவில்லை. "இஞ்சால வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ காக்கா. நான்தான் சொன்னனானெண்டு சொல்லுங்கோ" என்றார். காக்கா தலையை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்த ஆண்டு காட்டுப் பாதை முழுவதுமாக மூடப்பட்டது. அதன் பின்னர் அண்ணாவிடமிருந்தோ, சின்னம்மாவிடமிருந்தோ, எவ்விதச் செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் வரவில்லை.

கொப்பியில் பெயரெழுதிய அதிகாரி என் கைக்கு எட்டாதவர். அவருடைய முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. பத்து வயதுப் பிள்ளையின் பழி, எட்டுகிற இடத்தில்தான் விழும். இராணுவத்தின் கையை இரவல் வாங்கினேன் என்பதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். யார் மீது அது விழுந்தது என்பதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

இப்போது சென்றி இருந்த இடத்தில் குளிர்பானம் விற்கிறார்கள். கிண்ணியாவுக்குத் தோணியும் படகும் ஏறிப் போன இடத்தில் பாலம் நிற்கிறது. சங்கக்கடை இடிந்து, அதன் பெயர்ப்பலகையும் போய்விட்டது. லிஸ்ட் ஒட்டிய பசைத் தடம் எந்தக் கதவிலும் இல்லை. பல்கலைக்கழக விடுமுறையில் சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கண் கிளினிக் வரிசையில் மனேச்சர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பார்வை மங்கியிருந்தது. யாருடைய மகள் என்று தெரிந்ததும், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், அம்மாவின் நல்ல மனத்தைப் புகழ்ந்தார். பிறகு, "என்ர மச்சான்தான் என்னைக் காட்டிக்குடுத்தவன், பிள்ளை. அறைக்குள்ள என்ன கிடக்கெண்டு அவனுக்குத்தான் தெரியும். அவனோட கதைக்கிறதை விட்டிட்டன். அவன்ர செத்தவீட்டுக்கும் நான் போகேல்ல" என்றார். என் இலக்கம் அழைக்கப்பட்டது, எழுந்து போனேன்.

அந்த மச்சானுக்கு நான் செய்தது அநியாயம். மன்னிப்புக் கேட்க அவர் உயிரோடு இல்லை. ஆனால் இது வெளிவரும் சஞ்சிகை மனேச்சரின் வீட்டுக்கு மாதந்தோறும் போகிறது. அவருடைய இளைய மகள் இதை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள் என்பதை அறிந்தே எழுதுகிறேன். ஐயா, உங்கள் மச்சான் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் கல் பொறுக்கிய பிள்ளைதான் காட்டிக்கொடுத்தாள். மச்சான் உயிரோடு இருந்த காலம் முழுவதும் அவரை உங்கள் வாசலுக்கு வரவிடாமல் வைத்திருந்தீர்கள். அண்ணாவை வரச்சொல்ல அம்மாவால் ஏலாததுபோல, இனி அவரை வரச்சொல்லி ஆள் அனுப்ப உங்களாலும் ஏலாது.