குமிழி விடாத வாளி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், நத்தார்ப் பண்டிகை விருந்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று பட்டியல் எழுதியபோது, வீட்டில் காய்ச்சிய பியர் என்று சொல்லிவிட்டேன். பதினொரு வருடமாக அந்த விருந்துப் பக்கமே போகாதவன். எல்லோரும் கைதட்டினார்கள், இனித் தப்ப முடியாது. ஒருமுறையாவது அந்த மேசையில் நானும் ஒருவனாக இருக்க ஆசைப்பட்டேன், மறைப்பானேன்.

சமையலறையில் பியர் வாளி இரண்டு நாள் நன்றாகவே பொங்கியது. மூடியில் செருகிய குழாயில் குமிழி ஓயவில்லை. மூன்றாம் நாள் பிள்ளையார் பெருங்கதை தொடங்கியது. மனைவிக்கு இருபத்தொரு நாள் விரதம். வீட்டில் மீன் இல்லை, முட்டை இல்லை. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் பியர் பொங்கக் கூடாது என்று நானே தீர்மானித்தேன். அவள் வேலைக்குப் போன நேரம் வாளியைத் தோட்டத்துக் கொட்டிலுக்குத் தூக்கிப் போனேன்.

அங்கே வெப்பம் ஏழு பாகைதான். மறுநாளே குமிழி நின்றுவிட்டது. இனிப்பை அளக்கும் மிதவையைப் போட்டுப் பார்த்தால், ஐந்து நாளாக இனிப்புக் குறையாமல் ஒரே கோட்டில் நின்றது. தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் டேனிஷ்காரர் பியர் காய்ச்சுவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எத்தனை பாகையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இருபது என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் பிள்ளையாரிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியென்றால் ஈஸ்ட் செத்திருக்கும், புதிதாகப் போடு என்றார். போட்டேன். அதுவும் குளிரில் படுத்துவிட்டது.

சனி பின்னேரம், சுடுநீர்ப் பை இரண்டை வாளியில் கட்டி, என் குளிர்க்கோட்டைப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு இருந்தேன். மனைவி கொட்டில் கதவைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆருக்குக் காய்ச்சல்?"

"உமக்கு விரதமெல்லோ. அதுதான் வெளியில வச்சனான்."

"விரதம் எனக்கு. வாளிக்கு என்ன? உடுப்புத் தோய்க்கிற அறையில வச்சிருக்கலாமே. என்னை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? நான் எப்ப உங்களை மறிச்சனான்?"

வாளியை ஒரு பக்கம் அவளே பிடித்தாள். வெப்பமான அறையில் வைத்து, அடியில் படிந்திருந்த ஈஸ்ட் எழும்ப மெல்ல ஆட்டிவிட்டோம். மறுநாள் காலை குமிழி வந்தது. பியர் நேரத்துக்கு முடிந்துவிடும், விருந்துக்கும் போயே ஆகவேண்டும். எப்போது மறித்தேன் என்று அவள் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. பதினொரு வருடமாக விருந்துக்கு வராததற்குத் தொழிற்சாலையில் நான் சொல்லிவந்த காரணம், மனைவி விடமாட்டாள் என்பதுதான்.