மூன்றாம் குரலுக்குக் காத்திருந்தவள்

வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் முப்பது வருஷம் காய் எடுத்த ரோசி யாருக்கும் அடங்குகிறவள் இல்லை. கங்காணி முறைத்தால் அவள் இரண்டு பங்காகத் திருப்பி முறைப்பாள். அப்படிப்பட்டவளையே ஆட்டிவைத்த ஒருத்தி இருந்தாள். கம்பத்திலிருந்து வேலைக்கு வந்த சந்தனம்.

ஏலச்செடி ஆளை மறைக்கும். அடுத்த வரிசையில் நிற்பவள் முகம் தெரியாது, குரல்தான் துணை. சந்தனமோ மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் வாயைத் திறப்பாள்.

"பேயி ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதுடி. மூணாவதும் கூப்பிட்டா அது மனுசப்பய."

"ஞானஸ்நானம் வாங்குன என்னையப் பாத்தா பேயி மாதிரியா இருக்கு?" என்று ரோசி எகிறுவாள். எகிறிவிட்டு மூன்றாவதும் கூப்பிடுவாள். வெற்றிலை கேட்கக்கூட மூன்று கூப்பாடு! அந்த எரிச்சலுக்குத்தான் இப்போது அவள் மனசு ஏங்குகிறது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம். முந்தின நாள் இடி இடித்திருந்தது. "நாக்கு செத்துப்போச்சு, காளான் கொழம்பு இருந்தா நல்லாருக்கும்" என்று ரோசி சும்மா சொல்லிவைத்தாள். சோற்று நேரத்தில் சந்தனம் தூக்குவாளியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்து எல்லையைத் தாண்டிச் சோலைக்காட்டுக்குள் போனாள். மஞ்சு இறங்கி வழியை மூடியது. போனவள் வரவில்லை.

கங்காணி ஏசுதாஸ் நாற்பது பேரைத் திரட்டினார். வனத்துறை ஆட்களும் வந்தார்கள். ஆளுக்கொரு திசையில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ரோசி எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். இங்கே இரண்டு குரல், அங்கே இரண்டு குரல், பதில் வராவிட்டால் அடுத்த இடம். வழியில் ஆனைச் சாணம் சூடாகக் கிடந்தது. இருட்டுவதற்குள் வனத்துறை ஆட்கள் எல்லோரையும் காட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

காலையில் சந்தனத்தின் தூக்குவாளியைக் கழுவும்போதுதான் ரோசிக்கு உறைத்தது. அட பாவி, ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை யார் கூப்பிட்டோம்? வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஓடைத் திருப்பத்தில் நின்றாள். கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. இரண்டாவதும் கூப்பிட்டாள். காடு அசையவில்லை. கால் அடுத்த இடத்துக்குப் போகப் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சந்தனம்!"

"என்னடி?"

கீழே புதருக்குள்ளிருந்து வந்தது, அடுத்த வரிசையிலிருந்து கேட்பது போல. பள்ளத்தில் கால் முறிந்து கிடந்தாள். மடியில் காளான் நசுங்கிப் போயிருந்தது.

"நேத்தே ஒஞ்சத்தம் கேட்டுச்சு. ரெண்டோட நிறுத்திட்டுப் போயிட்ட. நீயா, அதுவான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ரோசி அவள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அந்தக் கால் சரியாகக் கூடவில்லை. சந்தனம் கம்பத்தில் மகள் யோகப்பிரியாவிடம் போய்விட்டாள். போனையும் மூன்றாவது தடவை அடித்தால்தான் எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரோசி சலிக்காமல் மூன்று தடவை அடிப்பாள்.

போன பங்குனியில் மகளே போன் செய்தாள். ரோசி ஜீப் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கினாள். முற்றத்தில் சந்தனத்தைக் கிடத்தியிருந்தார்கள். ரோசி குனிந்து அவள் காதருகே கூப்பிட்டாள். இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

மூன்றாவதற்கு வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அதற்கும் பதில் வராவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? எழுந்து ஜீப்புக்கு நடந்தாள்.

இன்றும் காய் எடுக்கும்போது அடுத்த வரிசையைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிடுவாள். மூன்றாவதை இன்னும் கூப்பிடவில்லை.