மாதாவுக்குக் கொடுத்த சக்கர பூட்ஸ்

போட்டி என்று நான் ஆடியது மொத்தம் இரண்டே தடவை. காலில் சக்கர பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி சுழன்று, ஒற்றைக் காலில் வழுக்கிப்போய், குதித்து நிற்கிற ஸ்கேட்டிங். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் எழுபதுகளில் அப்படியொரு கூத்து நடந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்?

அப்பா டவுனில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் கார் ஓட்டினார். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, தங்கள் மகளின் வெள்ளை பூட்ஸை எனக்குக் கொடுத்தார்கள். விரல் பக்கம் துணி அடைத்துத்தான் போட முடிந்தது. எங்கள் ஊரில் வழவழப்பான தரை என்றால் ரைஸ் மில் களம் ஒன்றுதான். புழுங்கல் நெல்லை வாரிய பிறகு அந்தச் சிமெண்டுத் தரையில் ஆடுவேன். ஒரு நெல் சக்கரத்தில் சிக்கினாலும் போதும், குப்புற விழ வேண்டியதுதான். அதனால் நெல் காய வைக்கும் பெண்கள் எனக்காகவே களத்தை இன்னொரு தடவை பெருக்கிவிட்டு, உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னாடி இது, காத்துல போறவ மாதிரி போறே!" என்பாள் ஒருத்தி. எனக்குக் கர்வம் தலைக்கேறும்.

டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் என்னைப் போட்டியில் சேர்த்துவிட்டார். முதல் போட்டி டவுனிலேயே நடந்தது. முதல் பரிசு எனக்குத்தான். வாங்கிய குஷியில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் காட்டப்போய், விழுந்து மோவாய் கிழிந்தது. நாலு தையல். வீட்டுக்குப் போனதும் அம்மா கோப்பையைப் பார்க்கவேயில்லை. தையலைத்தான் பார்த்தாள்.

அடுத்தது மெட்ராஸில். நான் பஸ் ஏறிய அன்று அம்மா எங்கள் மாதா கோயிலில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டாள். என் பெண் கை கால் முழுசாகத் திரும்பி வந்தால், அந்தச் சக்கர பூட்ஸை உன் காலடியில் வைத்துவிடுகிறேன் என்று. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாம் பரிசோடு திரும்பினேன். பெங்களூர் போட்டிக்கும் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கால் தரையில் பாவவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அம்மா பையிலிருந்து பூட்ஸை எடுத்து, மெழுகுத்திரிகளுக்கும் மற்றவர்கள் நேர்ந்து வைத்த வெள்ளிக் கை கால்களுக்கும் நடுவில் காணிக்கையாக வைத்தாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். கோயில் என்றும் பாராமல் கத்தினேன்.

"நேந்துக்கினு குடுக்காம உட்டா, அது உன் தலையிலதாண்டி விடியும்," என்றாள் அம்மா.

ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. பிறகு, பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டுக்குத் தெரியாமல் கோயில் சாமியாரிடம் போய் அழுதேன். அவர் நல்ல மனிதர். எழுந்துபோய் பூட்ஸை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"நேந்தது உங்கம்மா. பொருள் உன்னுது. மாதா கோச்சுக்க மாட்டாங்க, எடுத்துட்டுப் போம்மா."

கையை நீட்டினேன். பெங்களூரில் நான் கால் ஒடிந்து கிடப்பதுபோலவும், அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுவதுபோலவும் கண்முன் வந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அம்மாவின் பயத்தை அத்தனை நாள் கேலி பேசியவளுக்கு, அவளைவிட அதிகப் பயம் இருந்திருக்கிறது.

"வேணாம் சாமி. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டுப் பார்த்தேன், சாமியார் தரமாட்டேன் என்றுவிட்டார் என்று சொன்னேன். டீச்சரிடமும் அதையேதான் சொன்னேன். கொஞ்ச நாளில் சாமியார் வேறு ஊர்ப் பங்குக் கோயிலுக்கு மாற்றலாகிப் போனார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அம்மா நம்பிவிட்டாள். அதன்பின் சாகும்வரை, வீட்டுக்கு யார் வந்து என்னைப் பற்றிப் பேசினாலும், "நல்லா ஆடினு இருந்த பொண்ணு, நான்தான் கெடுத்துட்டேன்," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் பக்கத்திலேயே இருப்பேன். இல்லையம்மா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.