வாய்த்துணி தைத்தவர்

ஏரிப் பாதுகாப்புச் சங்கத்தில் அவரை எல்லோரும் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டின் முன்னறையில் ஒற்றை மெஷின், அதுதான் கடை. கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போவார். ஏரியில் கழிவைக் கொட்டும் தொழிற்சாலையின் வாசலில் மௌனமாக உட்காருவது என்று சங்கத் தலைவி டீச்சரம்மா முடிவெடுத்தபோது, வாயைக் கட்டிக்கொள்ளப் பச்சைத் துணிகள் தைத்துக் கொடுத்தது அவர்தான்.

அன்று யாரும் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. அரசாங்கமோ, முகத்தை மறைத்துச் சதி செய்ததாக வழக்குப் போட்டது. சங்கத்தின் பதிவையே ரத்து செய்வோம் என்று சங்கக் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. பிறகு ஒவ்வொருவராக விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனவர்கள் காதில் எல்லாம் ஒரே வாக்கியம் போடப்பட்டது: "உங்க ஆளு ஒருத்தர் எல்லாத்தையும் கக்கிட்டார்."

அதன் பிறகு யாரும் ஏரியைப் பற்றிப் பேசவில்லை; கக்கிய அந்த ஆள் யார் என்றுதான் பேச்சு. தையலக்காவின் கொழுந்தன் அந்தத் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறவன். அது போதாதா? அவர் உள்ளே வந்தால் பேச்சு வெயிலுக்கும் மழைக்கும் தாவியது.

அவர் முறை வந்தது. "எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க" என்று வக்கீல் சொல்லி அனுப்பினார்.

ஸ்டேஷனில் அதிகாரி நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். பறிமுதல் செய்த துணிகளை மேஜையில் கொட்டினார்.

"யாரு தைச்சதுக்கா இதெல்லாம்?"

"தெரியாதுங்க."

அதிகாரிக்கு ஃபோன் வந்தது. குவியலில் ஒரு துணியின் ஓரம் பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தையலக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை அரித்தது. முந்தானையில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை நூலோடு உருவினார். அதிகாரி ஃபோனை வைத்தபோது, முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அதே பச்சை நூல்.

"அடடா, பிரமாதமான கை வேலை" என்றார் அதிகாரி. "தைக்கச் சொன்னது டீச்சரம்மாதானே? ஆமான்னு சொன்னா நீங்க சாட்சி. இல்லேன்னா குற்றவாளி. யோசிச்சுச் சொல்லுங்க."

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் தைச்சேன். எனக்கும் ஒண்ணு தைச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்தேன்."

இதை வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டவருக்கு இருந்தவை இரண்டே வழிகள். கேவலமில்லாததை எடுத்தார்.

வெளியே வந்தபோது ஸ்டேஷன் வாசலில் டீச்சரம்மா நின்றிருந்தார். "உள்ளே டீ போச்சே! எங்களுக்கெல்லாம் ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கலையே?"

"நான் குடிக்கலை டீச்சர்."

"ஓஹோ."

குற்றப்பத்திரிகை வந்ததும் வக்கீல் கூட்டத்தில் பெயர்களை வாசித்தார். தையலக்காவின் பெயர் வந்தபோது அறை முழுக்க ஒரு நிம்மதி. "நான் அப்பவே சொன்னேனே, அக்கா தங்கம்னு" என்றார், நேற்றுவரை முகம் கொடுக்காத பேப்பர்காரர். அரசாங்கமே குற்றவாளி என்று சொன்ன பிறகுதான் சங்கம் அவரை நம்பியது.

வக்கீல் தாளை மடித்தார். டீச்சரம்மாவின் பெயர் வரவில்லை. ஆதாரம் கிடைக்காமல் விட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா, யாருக்கும் தெரியாது. தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"என்ன பாக்கறீங்க? நான் ஒரு வார்த்தை சொல்லலை" என்றார் டீச்சரம்மா.

கடைசி வரிசையிலிருந்து தையலக்கா கேட்டார்:

"நிஜமாவே உங்களுக்குத் தண்ணிகூடக் குடுக்கலையா டீச்சர்?"